வண்டிக்கு ஒரு நம்பர், வேலைக்கு ஒரு நம்பர்

ஒரு தீயணைப்பு வண்டிக்கு எத்தனை நம்பர் இருக்கும்? முன்னால் தொங்குகிற நம்பர் பிளேட் ஒன்றுதானே என்பீர்கள். உலகத்தில் பல ஊர்களில் இரண்டு உண்டு. ஒன்று ஜாதகம் மாதிரி. வண்டி காயலான் கடைக்குப் போகிறவரை மாறாது. இன்னொன்று சட்டை மாதிரி. ஒரு வண்டியிலிருந்து கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டிவிடலாம். இந்தச் சட்டை நம்பரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஊர் விட்டு வந்து பெங்களூரில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது.

முதலில் ஜாதக நம்பர். பெங்களூர் தெருவில் சிவப்பு வண்டி போனால் பிளேட்டைக் கவனியுங்கள். கே.ஏ. என்று ஆரம்பித்து, நடுவில் ஜி என்ற எழுத்து வரும். ஜி என்றால் அரசு வண்டி. மாநிலம் மைசூர் என்ற பெயரில் இருந்த காலத்து வண்டிகளுக்கு எம்.ஒய். என்று ஆரம்பிக்கும். 1973ல் கர்நாடகம் என்று பெயர் மாறியபின் சி.ஏ. வந்தது. 1989ல் இந்தியா முழுக்கப் புது முறை வந்தபோது கே.ஏ. ஆனது. மூன்று காலத்திலும் இது ஆர்.டி.ஓ.வுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் ஆன நம்பர். தீப்பிடித்த வீட்டு வாசலில் நிற்கிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சட்டை நம்பர் எங்கிருந்து வந்தது? நியூயார்க்குக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே தீயணைத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். குழுக்குழுவாகப் பிரிந்து, கையால் இழுத்துக்கொண்டு ஓடும் பம்ப் வண்டிகளை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எண். ஆறாம் நம்பர் குழுவுக்கு 'பிக் சிக்ஸ்' என்று செல்லப் பெயர், புலிதான் சின்னம். பின்னாளில் ஊழலுக்குப் பேர் போன அரசியல்வாதி வில்லியம் ட்வீட், இந்தக் குழுவின் தலைவராக இருந்துதான் மேலே வந்தார். நம்ம ஊர் ரசிகர் மன்றம் மாதிரிதான். யார் முதலில் போய்ச் சேர்வது என்று வழியில் அடிதடிகூட நடக்கும் :-)

1865ல் தொண்டர்களை அனுப்பிவிட்டு சம்பளப் படை அமைத்தார்கள். ஆனால் எண் போடும் பழக்கம் நிற்கவில்லை. எண் என்பது வண்டியுடையது அல்ல, ஸ்டேஷனில் இருக்கும் குழுவுடையது. குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்தாலும் நம்பர் அதேதான். வண்டி ரிப்பேருக்குப் போனால் ஸ்பேர் வண்டி வரும். ஏணி, குழாய் எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, நம்பர் பலகையையும் மாட்டிவிட்டால் முடிந்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறவருக்கு எந்த வண்டி என்ற கவலையே வேண்டாம். அந்த நம்பரைக் கூப்பிட்டால் அந்தப் பேட்டையை அறிந்த ஆட்கள் வருவார்கள்.

நம்மில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் ஆசாமிகள் என்பதால் இது சட்டென்று புரியும். சர்வரின் பெயர் அப்படியே இருக்கும், பின்னால் இருக்கும் மெஷினை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடுவோம் இல்லையா, அதே சங்கதிதான்.

எல்லாம் சரி, ஆனால் இந்த ஏற்பாடு ஊர் எல்லைக்குள் மட்டுமே ஓடும். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போயின. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க்கிலிருந்தெல்லாம் வண்டிகள் ரயிலேறி உதவிக்கு வந்தன. வந்தும் பல வண்டிகளின் குழாய் பால்டிமோர் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை. ஒவ்வொரு ஊரும் தனித்தனி மரை வைத்திருந்தது. அவரவர் ஊரில் எல்லாம் கச்சிதம், சேர்ந்து நின்றபோது பாதி வீண்.

நம்பருக்கும் இதே கதிதான். மூன்று ஊர் வண்டிகள் ஒரே இடத்தில் நின்றால் மூன்றும் 'ஒன்றாம் நம்பர்' ஆக இருக்கலாம். வயர்லெஸ்ஸில் "ஒன்று, பின்பக்கம் போ" என்றால் எது போகும்? 1970ல் தெற்கு கலிபோர்னியாவில் 13 நாள் காட்டுத்தீ. 16 பேர் இறந்தார்கள். பல துறைகள் சேர்ந்து வேலை செய்தும் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாத நிலை. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து பொது முறை ஒன்றை உருவாக்கினார்கள். எந்த ஊர்ப் படை என்பதற்கு மூன்றெழுத்துக் குறி, அதன்பின் நம்பர். என்ன வகை வண்டி, எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதற்குத் தனி வகைப்பாடு. சட்டையை மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பவர் என்ன செய்யக்கூடியவர் என்பதும் தெரிய வேண்டுமே.

இங்கே கர்நாடகத்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் ஒரே தீயணைப்புப் படை என்று ஆக்கியது. தலைமையகம் அல்சூரில், அண்ணாசாமி முதலியார் சாலையில். பேரைப் பார்த்ததும் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம்! ஒரே படை என்பதால் பால்டிமோர் தலைவலி குறைவு. குழப்பம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது.

எப்படி என்கிறீர்களா? பெங்களூரில் "ஐந்தாவது கிராஸ், மூன்றாவது மெயின்" எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெயநகர், மல்லேஸ்வரம், இந்திராநகர், பி.டி.எம்., எச்.எஸ்.ஆர். என்று லேஅவுட்டுக்கு லேஅவுட் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதற்குள்ளும் பிளாக், ஸ்டேஜ், செக்டார் என்று மறுபடி ஒன்று. மூன்று ஊர் 'ஒன்றாம் நம்பர்' வண்டிகள் ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் பிளாக்கையும் சேர்த்துச் சொல்வார். போன மாதம் குடிவந்த நம் வீட்டம்மாவோ, ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டியோ சொல்வார்களா?

ஆகவே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டு நம்பர், மாடி, கிராஸ், மெயின், பிளாக் அல்லது ஸ்டேஜ், ஏரியா, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கன்னட உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கீழேயே எழுதுங்கள். தீக்கு கன்னடத்தில் 'பெங்கி'. அந்த ஒரு வார்த்தையைப் பாட்டிக்கும் குழந்தைக்கும் சொல்லிக்கொடுங்கள். கூப்பிட வேண்டிய எண் 112 அல்லது 101. மொபைல் இருக்கும் இடத்தை அவர்கள் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்த மாடி, எந்தக் கதவு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

வீடு மாறினால் அந்தத் தாளையும் அன்றைக்கே மாற்றுங்கள். கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவதற்கு முன்னால்.