மரத்த விரலும் சுருட்டும்

கோலாசிலாங்கூரிலிருந்து அசாம் ஜாவா, ஈஜோக் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் சாலை சுங்கை பூலோவை அடைகிறது. ஒருகாலத்தில் இருமருங்கும் இரப்பர்க் காடாயிருந்த வழி அது. பின்னாளில் அதன் பெரும்பகுதியை எண்ணெய்ப்பனை கொண்டுவிட்டது. அவ்வழியே தோட்டத்திலிருந்து புறப்பட்ட தொழிலாளி ஒருவன் மீண்டும் தன் லயத்துக்குத் திரும்பாமற்போன காலமும் இருந்தது. உடலில் தொழுநோய் கண்டதென்று மருத்துவர் எழுதிவிட்டால், 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி அவன் பிரித்து வைக்கப்பட வேண்டியவனானான். சுங்கை பூலோவில் 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பே அவனுக்கு ஊரும் உறவும் ஆயிற்று.

அக்குடியிருப்பு சிறைக்கூடம்போற் கட்டப்பட்டதன்று. செத்தாப்பாக்கிலிருந்த பழைய காப்பகத்தின் இழிநிலையை அறிந்த மருத்துவர் டிராவர்ஸ், நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைக்காமல் மனிதனாக வாழவைக்க வேண்டுமென எண்ணினார். ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பள்ளத்தாக்கில் தோட்டத்தோடு கூடிய சிறு சிறு வீடுகள் எழுந்தன. பள்ளியும் வழிபாட்டிடங்களும் அமைந்தன. 1936இல் குடியிருப்புக்குள் மட்டும் செல்லும் பணத்தாளும் அச்சிடப்பட்டது. ஆனால் அங்குப் பிறந்த குழந்தை தாயிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. வீடு போன்ற மருத்துவமனை, மருத்துவமனை போன்ற வீடு என்னும் இவ்விரட்டைத் தன்மையை நினைவிற் கொள்க. புகைத்தலைப் பற்றிய சிக்கல் முழுவதும் அதனுள்ளேதான் அடங்கியிருக்கிறது.

தோட்டத்துத் தமிழருக்குப் புகையிலை புதிதன்று. சுருட்டும் பீடியும், பெண்டிரிடம் வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையும், தாயகத்திலிருந்து கப்பலேறி வந்தவை. விடியுமுன் பால்வெட்டக் கிளம்புபவனுக்குக் குளிரையும் பசியையும் மறக்கடிக்கும் மலிவான துணை அது. கள்ளைக் கேடென்று கண்டவர்கள் புகையைக் கேடென்று காணவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும், தக்க மருத்துவ வசதி வேண்டும் என்பதும், தமிழ்க் கல்வி வேண்டும் என்பதும் இருந்தன. புகையிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்காலத்தவரைக் குறை கூறுவதற்கில்லை. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள உறவை இங்கிலாந்தில் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் எடுத்துக்காட்டியதே 1950இல்தான்.

ஆனால் தொழுநோயாளர் இல்லங்களில், நுரையீரலைப் பற்றிய அவ்வறிவு பரவுவதற்கு முன்பே புகை வேறொரு வழியில் பகையாயிற்று. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குவது. நரம்பு கெட்டால் விரல் மரத்துவிடுகிறது. சுட்டு விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பற்றவைத்த சுருட்டு எரிந்து எரிந்து தோலைத் தொட்டாலும், பிடித்தவனுக்குத் தெரிவதில்லை. பேச்சிலோ நினைவிலோ ஆழ்ந்தவன் தசை கருகும் நாற்றம் எழுந்த பிறகே குனிந்து பார்ப்பான். இரு விரல்களிலும் எதிரெதிரே கொப்புளம் எழும், அது புண்ணாகும், வலியில்லாமையால் அவன் அந்தக் கையாலேயே வேலை செய்வான், புண் சீழ்பிடித்து எலும்பைத் தொடும். பின்னர் விரல் குறுகும். பால்வெட்டும் உளியைப் பிடித்துப் பிழைத்தவனுக்கு விரல் எவ்வளவு பெரிய செல்வம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கடைசிவரை இழுக்கப்படும் பீடி, சிக்கனத்தின் பெயரால் இக்கேட்டை இன்னும் விரைவாக்கியது.

நோயே விரலைத் தின்கிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பிற்று. அந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற மருத்துவர் பால் பிராண்ட். சூம்பி மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்திய அவர், திருந்திய கைகள் மீண்டும் புண்பட்டு வருவதைக் கண்டு காரணம் தேடினார். சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, உறக்கத்தில் விரலைக் கடிக்கும் எலி, விரலிடுக்கில் எரியும் பீடி ஆகிய அன்றாடச் சிறு பொருள்களே குற்றவாளிகள் என்று தெளிந்தது. எலிக்குப் பூனை வளர்க்கச் செய்தார்கள். கைகளை நாள்தோறும் கண்ணால் ஆராயும் பழக்கத்தைக் கற்பித்தார்கள். தொழுநோய் மருத்துவ நூல்கள், புகைப்பதை விட இயலாதவன் விரலுக்கும் நெருப்புக்கும் இடையே நீண்ட குழலொன்றை வைத்துக்கொள்ளட்டும் என்று அறிவுரை கூறின.

இக்குழல் அற்பப் பொருளாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னே ஒரு பெரிய தீர்ப்பு இருக்கிறது. சட்டத்தால் ஊரையும் மனைவி மக்களையும் இழந்தவனிடம், மாலையில் திண்ணையில் அமர்ந்து இழுக்கும் அந்த ஒரு சுருட்டையும் பிடுங்குவது எளிது, காவலிருந்தால் போதும். அவன் கையைக் காப்பாற்றுவதற்கு அவன் மனமும் உடன்பட வேண்டும். தடை என்பது மேலிருந்து வரும் ஆணை. குழல் என்பது பக்கத்தில் அமர்ந்து பேசிய பேச்சு. முன்னதைவிடப் பின்னதே மருத்துவம் என்று கருத இடமுண்டு.

நாளடைவில் மருந்து வந்தது. டாப்சோன் நாற்பதுகளின் இறுதியில் நோயின் வலிமையைக் குறைத்தது. அதற்கும் அசையாத கிருமி உண்டென்பதை 1964இல் உலகுக்கு மெய்ப்பித்த ஆய்வு சுங்கை பூலோவில் நிகழ்ந்தது. 1969இல் அக்குடியிருப்பு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையமாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் வகுத்த பன்மருந்து முறை நோயை அறவே போக்கவல்லதாயிற்று. கதவு திறந்தது, ஆனால் பலர் வெளியேறவில்லை. போக வீடில்லை, முகங்கொடுத்து ஏற்பாரும் அரியர். செடிவளர்த்து விற்கும் தொழிலில் சிலர் வாழ்வைக் கண்டனர். நோயாளர் குடியிருப்பு, இவ்வாறு, முதியோர் குடியிருப்பாகக் கனிந்தது.

இந்தக் கட்டத்தில்தான் புகைக்கு மூன்றாவதொரு வழக்கு எழுந்தது. புகைக்கும் கணவரோடு வாழ்ந்த, தாம் புகைக்காத மனைவியர்க்கும் நுரையீரற் புற்று மிகுதி என்பதைச் சப்பானியர் ஹிராயாமா 1981இல் வெளியிட்டார். விரலைச் சுட்ட நெருப்பு அவன் சொந்தக் கேடு. பக்கத்துக் கட்டிலில் கிடப்பவன் மூச்சில் கலப்பது பிறர் கேடு. மலேசியாவில் 1993இல் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2004இல் அவை விரிந்தன. மருத்துவமனைகளும் அரசு வளாகங்களும் புகை கூடாத இடங்களாயின. 2024 அக்டோபர் முதல் நாளில் இதற்கெனத் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. இவை வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை.

எனினும் நெடுங்காலப் பராமரிப்பு இல்லம் என்பது ஒருவாரம் படுத்தெழும் மருத்துவமனையன்று. இங்கிலாந்து 2007 சூலையில் பொது இடங்களிற் புகைத்தலைத் தடுத்தபோது, பராமரிப்பு இல்லங்களில் அங்கு வாழ்வோர்க்கெனக் குறித்த அறைகளை மட்டும் விலக்கி வைத்தது. அது அவர்தம் வீடு என்பதே காரணம். இவ்விலக்கிலும் இடர் உண்டு. கை நடுங்கும் முதியவர் படுக்கையில் சுருட்டோடு கண்ணயர்ந்தால் தீ அவரோடு நிற்பதில்லை. அங்குத் துடைத்துப் பெருக்கும் பணியாளும் மூச்சுவிடுபவரே.

தோட்டத்து முதியோருக்கு இவ்வினா தொலைவானதன்று. இந்தியக் குடியேற்ற நிதி, உழைத்துத் தளர்ந்த தொழிலாளர்க்குக் கோலாலம்பூரில் இல்லம் நடத்திய காலமுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் கலைந்த பின்னர், கோலாசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து முதியோரிற் சிலர் பிள்ளைகளின் அடுக்கு வீட்டிலும் சிலர் இல்லங்களிலும் கடைசி நாள்களைக் கழிக்கின்றனர். புகையைத் தேடும் விதி, கிழவியின் வாயில் அடக்கிய புகையிலையைக் காண்பதில்லை. மலேசிய இந்தியரிடையே வாய்ப்புற்று மிகுந்திருப்பதற்கு அந்த வெற்றிலைச் சுருளே பெருங்காரணம் என்பதை மருத்துவர் பலகால் கூறியிருக்கின்றனர். புகையில்லாத அக்கேட்டுக்கு அறிவிப்புப் பலகை இல்லை.

சுங்கை பூலோப் பள்ளத்தாக்கில் எஞ்சிய வீடுகளின் முன் பூந்தொட்டிகள் வரிசையாய் நிற்கின்றன. அவ்வீடுகள் நிற்பது அரசின் நலத்துறை நிலத்தில். சட்டத்தின் சொல்லை நேரே படித்தால் அத்திண்ணைகளும் மருத்துவ வளாகத்தைச் சேர்ந்தவையே. இளமையில் அங்குக் கொண்டுவரப்பட்டு, அறுபது ஆண்டுகளாக அதைத் தன் வீடென்று சொல்லிவந்த ஒருவர் அத்திண்ணையில் அமர்ந்து பற்றவைத்தால், அவர் இருப்பது வீட்டிலா, மருத்துவமனையிலா?