ஒரு விரலும் நான்கு லேசர்களும்

புராஸ்டேட் வீக்கத்துக்கு எந்த லேசர் நல்லது? கிரீன்லைட்டா, ஹோல்மியமா, தூலியமா? இப்படிக் கேட்டால் பதில் ஒரு விலைப்பட்டியலாகத்தான் வரும். கொஞ்சம் வரலாறு படிச்சால் கேள்வியே மாறிடுது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். பழைய மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

முதல்ல அடிப்படை. புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி. இளவயதில் சுமார் 20 கிராம். வயசாக ஆக அதன் உள்பகுதி வளர்ந்து குழாயை நெருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆரஞ்சுப் பழத்தை நினைச்சுக்குங்க. வளர்வது சுளை, அது வளர வளர மீதிச் சுரப்பி வெளியே தள்ளப்பட்டுத் தோல் மாதிரி ஆயிடும். சுளைக்கும் தோலுக்கும் நடுவில் இயற்கையாகவே ஒரு பிரிவு இருக்கு. முழு வரலாறும் அந்தப் பிரிவைச் சுற்றித்தான் நடக்குது.

1900இல் லண்டனில், செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில், பீட்டர் ஃப்ரேயர் என்ற ஐரிஷ்காரர் அந்தப் பிரிவை விரலால் கண்டுபிடித்தார். இந்திய மருத்துவப் பணியில் சுமார் இருபது வருஷம் வட இந்தியாவில் வேலை பார்த்தவர். சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்து எடுப்பதில் பேர் வாங்கியவர். அடிவயிற்றைத் திறந்து, ஒரு கை விரலைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, இன்னொரு கை விரலால் ஆசனவாய் வழியே சுரப்பியை மேலே தள்ளிப் பிடித்து, சுளையை முழுசாக நெம்பி எடுத்தார். நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் 1890களிலேயே இதைச் செய்திருந்ததால், யார் முதலில் என்று பெரிய சண்டையே நடந்தது. சண்டை எப்படியோ போகட்டும். அடைப்பு முழுசா நீங்கிச்சு, ஆனா ரத்தம் கொட்டிச்சு. வயிற்றைத் திறக்கணும், அதைத் தாங்குகிற உடம்பும் வேணும்.

அதனால் அடுத்த தலைமுறை வயிற்றைத் திறக்காத வழியைத் தேடிச்சு. 1926இல் மேக்சிமிலியன் ஸ்டெர்ன் ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார். 1930களின் தொடக்கத்தில் ஜோசப் மெக்கார்த்தி அதைச் செம்மைப்படுத்தினார். சிறுநீர்க்குழாய் வழியே உள்ளே போய், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சுளையைச் சீவல் சீவலாகச் செதுக்குவது. இதுதான் டி.யு.ஆர்.பி. பல பத்தாண்டுகளுக்கு இதுவே அளவுகோல்.

இதில் ஒரு சிக்கல். வெட்டும் இடத்தைத் திரவத்தால் கழுவிக்கிட்டே இருக்கணும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், பழைய முறையில் கிளைசின் மாதிரி கரைசலைத்தான் பயன்படுத்த முடியும். அது திறந்த ரத்தக்குழாய்கள் வழியே உடம்புக்குள் போனால் ரத்தத்தில் சோடியம் குறையும். குழப்பம், வலிப்பு வரை போகலாம். எனவே நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது, சுரப்பியும் ரொம்பப் பெரிசாக இருக்கக் கூடாது. 80 கிராமைத் தாண்டினால் மறுபடியும் வயிற்றைத் திறக்கும் வழிதான்.

இந்த இடத்தில்தான் லேசர் வருது. எங்க குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு ஒரே தாளில் மூணு லேசர் பெயரையும் எதிரே தொகையையும் எழுதிக் கொடுத்து, "முடிவு பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பினாங்க. எதை வைத்து முடிவு பண்ணுவது? அலைநீளத்தை வைத்தா? அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல் லேசர் நியோடிமியம் யாக், 1,064 நானோமீட்டர். 1990களின் தொடக்கத்தில் பரவலாச்சு. மெல்பர்ன் மருத்துவர் அந்தோனி கோஸ்டெல்லோ 1992இல் தன் முடிவுகளை வெளியிட்டார். ரத்தம் பெரும்பாலும் வரவே இல்லை, எல்லாரும் அசந்துபோனாங்க. ஆனா இந்த ஒளி திசுவுக்குள் பல மில்லிமீட்டர் ஆழம் போய் அதை வேகவைக்கும், வெட்டாது. வெந்த திசு வாரக்கணக்கில் மெதுவா உதிரும். அதுவரைக்கும் எரிச்சல், அடைப்பு, கதீட்டர். கொஞ்ச வருஷத்தில் மவுசு குறைஞ்சு போச்சு.

இரண்டாவது பச்சை ஒளி, 532 நானோமீட்டர். மேயோ கிளினிக்கில் ரேசா மாலெக் குழு 1990களின் பிற்பகுதியில் 60 வாட்டில் முயன்றது. பிறகு 80, 120, 180 வாட் என்று ஏறியது. விற்பனைப் பெயர் கிரீன்லைட். ஹீமோகுளோபின் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும், அதனால் ரத்தம் நிறைந்த திசு ஆவியாகிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ஆவியானதைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. உள்ளே புற்றுநோய் ஒளிஞ்சிருந்தால் இந்த வழியில் தெரியாது. சுரப்பி பெரிசானால் நேரமும் நீளும்.

மூன்றாவதுதான் கதையின் திருப்பம். நியூசிலாந்தில் டவுரங்கா என்ற துறைமுக நகரம். அங்கே பீட்டர் கில்லிங், மார்க் ஃப்ராண்டார்ஃபர் இருவரும் 1990களின் நடுவில் ஹோல்மியம் லேசரோடு வேலை செய்தாங்க. சுமார் 2,100 நானோமீட்டர். தண்ணீர் உறிஞ்சும் ஒளி. திசுவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே போகும். உப்பு நீரிலேயே வேலை செய்யலாம், எனவே சோடியம் பயமும் இல்லை. முதலில் ஆவியாக்கினாங்க, பிறகு துண்டு துண்டாக வெட்டினாங்க. அதுக்கப்புறம்தான் சுளைக்கும் தோலுக்கும் நடுவில் புகுந்து முழுச் சுளையையும் உரிக்கலாம் என்ற இடத்துக்கு வந்தாங்க. லேசர் துடிப்பில் உண்டாகும் நீராவிக் குமிழி அடுக்குகளைப் பிரிக்க உதவுது. கருவியின் முனையே நெம்புகோல். உரித்த சுளையை எப்படி வெளியே எடுப்பது? சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கேயே அரைத்து உறிஞ்சி எடுக்கும் கருவி 1998 வாக்கில் சேர்ந்தது. இதுதான் ஹோலெப்.

கவனிச்சீங்களா? இது ஃப்ரேயரின் விரல்தான்! அல்காரிதம் 1900இல் எழுதினது. ஹார்டுவேர் மட்டும் மாறியிருக்கு.

இதை உறுதிப்படுத்தும் சாட்சிகளும் உண்டு. ஜப்பானில் யாசுனோரி ஹிராவோகா 1980களிலேயே, லேசரே இல்லாமல், குழாய் வழியே உள்ளே போய் இதே பிரிவில் உரித்துக் காட்டினார். நான்காவது லேசரான தூலியத்தைக் கொண்டு ஷாங்காயில் ஷியா ஷுஜியே செய்த முறைக்குப் பெயரே டேஞ்சரின், அதாவது கமலாப்பழ முறை. இப்போ இருமுனை மின்சாரத்தாலும் உரிக்கிறாங்க. பலன் ஹோலெப்புக்குப் பக்கத்திலேயே நிற்குது.

அப்போ எந்த லேசர் என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, சுளையை உரிக்கப் போறாங்களா, ஆவியாக்கப் போறாங்களா, செதுக்கப் போறாங்களா? உரிப்பதில் அளவு பெரிய தடையில்லை, திசுவும் பரிசோதனைக்குக் கிடைக்கும். ஆனால் கற்றுக்கொள்ளக் கடினமான முறை அது. கை பழகவே பல பத்து அறுவைகள் ஆகும். முதல் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், தும்மினால் இருமினால் சிறுநீர் கசியலாம். விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்புவது இந்த மூன்று வழிகளிலும் சகஜம். அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பிறகு வீட்டில் மௌனமான வருத்தமாகும்.

எனவே எங்க பெரியவரிடம் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஸ்கேனில் சுரப்பி எத்தனை மில்லி? என் ரத்தம் உறையாமை மருந்தை நிறுத்தணுமா? எடுக்கும் திசு பரிசோதனைக்குப் போகுமா? இந்த முறையில் நீங்க இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கீங்க? கடைசிக் கேள்வியைக் கேட்க அவருக்குக் கூச்சம். "டாக்டர்கிட்ட போய் இதெல்லாம் எப்படிப்பா கேட்கிறது?" என்றார். லேசரின் பெயரை விட அந்தப் பதில் முக்கியம், கூச்சப்படாமல் கேளுங்க என்றேன்.