பாயளவில் எழுந்த வீடு

ஜப்பானின் மரபான மரவீட்டில் கூரையின் பாரத்தைத் தூண்களும் உத்தரங்களுமே சுமக்கின்றன. ஆகவே அறைகளுக்கிடையே கனத்த சுவர் தேவைப்படவில்லை; மரச்சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டிய ஃபுசுமா என்னும் இழுகதவுகளே போதும். வீட்டில் திருமணமோ சாவோ நேர்ந்தால் அவற்றைக் காடியிலிருந்து கழற்றி எடுத்துவிடுவார்கள். அடுத்தடுத்த அறைகள் ஒரே கூடமாகிவிடும். இரவில் விரித்த மெத்தை காலையில் மடித்து அலமாரிக்குள் போய்விடுவதால், படுக்கையறையே பகலில் சாப்பிடும் இடமாகும்.

இந்த வசதிக்கு அடிப்படை அளவு ஒழுங்கு. ஹேயான் காலத்து (794–1185) மாளிகைகளில் பலகைத் தரைதான் இருந்தது. தத்தாமி பாய் உட்காரும் இடத்தில் மட்டும் போடப்பட்டது. முரோமாச்சி காலத்தில் அது அறை முழுவதும் பரவியது. பிறகு நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்று பரப்பையே பாய்க்கணக்கில் சொல்லும் வழக்கம் நிலைத்தது.

கணக்குப் போடும் முறை ஊருக்கு ஊர் வேறுபட்டது. எடோவில் (இன்றைய டோக்கியோ) தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவரை ஒரு கென், அதாவது சுமார் 182 சென்டிமீட்டர். மிஞ்சிய இடத்துக்கேற்பப் பாயை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். கியோட்டோ, ஒசாகா பக்கம் முறை தலைகீழ். அங்கே சுமார் 191க்கு 95.5 சென்டிமீட்டர் உள்ள பாய்களை முதலில் கணக்கிட்டு, தூண்களை அவற்றுக்கு வெளியே நிறுத்தினார்கள். எந்த வீட்டுப் பாயும் எந்த வீட்டிலும் பொருந்தியது. இதன் பலன் ஒசாகாவின் வாடகை வீடுகளில் துலக்கமாகத் தெரிகிறது: வீட்டுக்காரர் பாயும் இழுகதவும் இல்லாத வெறுங்கூட்டையே வாடகைக்கு விட்டார், குடிவருபவர் தம்முடைய பாய்களையும் கதவுகளையும் கொண்டுவந்து பொருத்திக்கொண்டார், காலி செய்யும்போது எடுத்துச் சென்றார். ஒரு நகரமே ஓர் அளவுக்கு உடன்பட்டதால் கிடைத்த சுதந்திரம் இது. கட்டடக்கலை வரலாற்றில் இதற்கு இன்னும் பெரிய இடம் தரவேண்டும்.

தச்சருக்கும் இது கைகொடுத்தது. கட்டங்கள் வரைந்த ஒரு பலகையில் தூண் நிற்கும் இடங்களைக் குறித்தாலே வரைபடம் ஆயிற்று. குடும்பத்தின் தேவைக்கேற்பக் கட்டங்களைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. 1657இன் பெருந்தீயில் எடோவின் பெரும்பகுதி அழிந்தது. அதன் பிறகும் தீ அடிக்கடி பரவிய அந்நகரில், வழக்கமான நீளங்களில் அறுத்த மரம் மறுகட்டுமானத்தை விரைவாக்கியது. குறைகளும் உண்டு: காகிதத் தடுப்பு பேச்சொலியை மறைக்காது, குளிரையும் தடுக்காது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட கடும் வீட்டுப் பஞ்சம் வீடு கட்டும் வேலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றது. 1959இல் டைவா ஹவுஸ் நிறுவனம் மூன்று மணி நேரத்தில் பொருத்திவிடக்கூடிய ‘மிட்ஜெட் ஹவுஸ்’ என்ற சிறு கட்டடத்தைப் பிள்ளைகளின் படிப்பறையாக விற்றது. 1971இல் விற்பனைக்கு வந்த ‘செக்கிசுய் ஹைம் எம்1’ இன்னும் ஓரடி முன்னே போனது. கட்டடக்கலைஞர் கட்சுஹிகோ ஓனோவின் வடிவமைப்பில், எஃகுச் சட்டப் பெட்டிகள் ஆலையில் தயாராகி லாரியில் வந்து மனையில் இணைக்கப்பட்டன. எத்தனை பெட்டிகள், எந்த வரிசையில் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறியது.