பீப்பாய் உருட்டிய குரங்கு

வீடியோ கேமின் எதிராளி என்றதும் பலரும் தேடுவது ஒரு கெட்டவனை. சினிமா பழக்கிவிட்ட தேடல் இது. ஆனால் கேம்களின் வரலாற்றில் எதிராளி யார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது, விளையாடுபவரிடம் எந்தப் பாத்திரத்தை ஒப்படைத்தார்கள் என்பதே. 1981-இல் நிண்டெண்டோ வெளியிட்ட டாங்கி காங் இதற்கு நல்ல சான்று. பாப்பாய் கார்ட்டூனை வைத்து ஆட்டம் செய்யும் திட்டம் கைகூடாமல் போகவே, ஷிகெரு மியாமோட்டோ முரடன் புளூட்டோவின் இடத்தில் ஒரு மனிதக் குரங்கை நிறுத்தினார். அது பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறது. மேலே நின்று குதிக்கிறது. நேராக இருந்த இரும்பு உத்திரங்கள் சரிகின்றன. அந்தச் சரிவிலேயே பீப்பாய்களை உருட்டிவிடுகிறது. நாம் இயக்கும் தச்சன் எப்படியோ உச்சியை எட்டினால், பெண்ணோடு இன்னும் மேலே ஏறிவிடுகிறது. குரங்குக்கு ஒரு வசனம்கூட இல்லை; ஆனாலும் அதற்கு என்ன வேண்டும் என்பது சில நொடிகளில் புரிந்துவிடும். அடுத்த ஆண்டே டாங்கி காங் ஜூனியர் வந்தது. அதில் குரங்கு கூண்டுக்குள் இருக்கிறது. சாட்டையோடு காவல் நிற்பவன் அதே தச்சன், இப்போது மரியோ என்ற பெயரில். அப்பாவை மீட்கப் போகும் குட்டிக் குரங்கு நம் கையில். மரியோ கெட்டவனாகிவிட்டான் என்று அந்த ஆட்டம் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அப்படியானால் வழியில் கிடக்கும் குழியும் எதிராளியா, 1984-இல் பிறந்த டெட்ரிஸில் விழுந்துகொண்டே இருக்கும் கட்டைகளும் எதிராளிகளா என்று கேட்கலாம். இல்லை. தடுப்பது மட்டும் போதாது, தடுக்கும் எண்ணம் இருப்பதாக நமக்குத் தோன்ற வேண்டும். 1980-இல் நாம்கோ நிறுவனத்தின் டோரு இவதானி உருவாக்கிய பாக்-மேனில் இதைக் காணலாம். சிவப்புப் பேய் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைத்து மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு கிட்டே வரும்வரை துரத்திவிட்டு, சட்டென்று தன் மூலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் சில வரி விதிகள்தான். ஆனால் விளையாடியவர்கள் அதில் பிடிவாதத்தையும் தந்திரத்தையும் பார்த்தார்கள்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: 1997-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7-இன் செஃபிராத் உண்மையிலேயே கொடியவன் ஆயிற்றே? கொடியவன்தான். ஆனால் உலகையே அழிக்கத் துணிந்த அவன்மேல் பலருக்கும் உண்டான வெறுப்புக்கு ஒரே ஒரு கொலைதான் காரணம். அவன் கொன்ற ஏரித், விளையாடுபவர் மணிக்கணக்கில் கூடவே வைத்துச் சண்டைக்குப் பழக்கிய தோழி. நம் கையிலிருந்து பறித்ததால்தான் அவன் நம் எதிரியானான். உலகத்தின் அழிவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம், கையில் தரும் பாத்திரமே எதிராளியைத் தீர்மானிக்கும் என்பதை எல்லை வரை கொண்டுபோனது. நாயகி எல்லியின் வளர்ப்புத் தந்தை போன்ற ஜோயலைக் கொன்ற ஆபியை, கதையின் பாதியில் நம் கையிலேயே தருகிறது அந்த ஆட்டம். நாடக அரங்கில் நடக்கும் சண்டையில், முதல் பாகத்திலிருந்து நாம் காத்துவந்த எல்லி இருட்டில் பதுங்கி நம்மை வேட்டையாடுகிறாள். பிழைக்க வேண்டுமானால் அவளை நாமே அடித்து வீழ்த்த வேண்டும். இது எழுத்தாளரின் வஞ்சகம் என்று கோபப்பட்டவர்கள் ஏராளம். அந்தக் கோபம் நியாயமான வலியிலிருந்து வந்தது. ஆனால் 1982-இல் மரியோவின் கையில் சாட்டையைக் கொடுத்தவர்கள் செய்ததும் இதே மாற்றம்தான். அப்போது யாருக்கும் வலிக்கவில்லை. மரியோவோடு அதுவரை நமக்கிருந்த உறவு சில ஏணிகளுக்கும் சில பீப்பாய்களுக்கும் மேல் வளர்ந்திருக்கவில்லை.