பயங்கரவாத ஆதரவு அரசுகள் (அமெரிக்கப் பட்டியல்)

பன்னாட்டுப் பயங்கரவாதத்துக்குத் தொடர்ந்து துணைநிற்பவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவிக்கும் அரசுகளின் பட்டியல். 1979 டிசம்பர் 29இல் லிபியா, ஈராக், தெற்கு ஏமன், சிரியா ஆகிய நான்கு நாடுகளுடன் தொடங்கியது. உதவி நிறுத்தம், ஆயுத விற்பனைத் தடை, ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஆகியவை இதன் முக்கியச் சட்ட விளைவுகள். போர் தொடுக்கும் அதிகாரத்தை இது தருவதில்லை. ஆயினும் எந்த அரசின்மீது படையை ஏவலாம் என்ற வாதம் எழும்போதெல்லாம் இப்பட்டியலும் பேச்சில் அடிபடுகிறது.

1982இல் ஈராக் நீக்கப்பட்டது, கியூபா சேர்க்கப்பட்டது. ஈரானுடன் போரிட்டுக்கொண்டிருந்த ஈராக்குக்கு உதவவே இந்த நீக்கம் என்பது பலர் கருத்து. 1984 ஜனவரியில் ஈரானும் பட்டியலில் ஏறியது.

படைபலம் பற்றிய விவாதம் 1983 அக்டோபர் 23இல் பெய்ரூட்டில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்குப் பின் சூடுபிடித்தது. அதில் 241 அமெரிக்கப் படையினர் மாண்டனர். அதிபர் ரேகன் அமைச்சரவையின் இரு மூத்தவர்கள் எதிரெதிர் அணியில் நின்றனர். இருவருமே இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களம் கண்டவர்கள். படையை ஏவச் சொன்னவர் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ்; தயங்கியவர் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பர்கர். 1984 அக்டோபரில் நியூயார்க் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில் பேசிய ஷுல்ட்ஸ், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சான்று கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது என்றார். அப்பாவிகள் சிலரும் இறக்க நேரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்த மாதமே வைன்பர்கர் ஆறு நிபந்தனைகளை முன்வைத்தார். மக்கள் ஆதரவு வேண்டும், படை கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும்.

இந்த வாதத்தின் முதற்பெரும் சோதனை லிபியா. 1986 ஏப்ரல் 5இல் மேற்கு பெர்லினின் லா பெல் நடன விடுதியில் குண்டு வெடித்து, இரு அமெரிக்கப் படையினரும் துருக்கியப் பெண் ஒருவரும் உயிரிழந்தனர். இதற்கு லிபியாவைக் குற்றஞ்சாட்டிய அமெரிக்கா, பத்து நாளில் அந்நாட்டின் திரிப்போலியையும் பெங்காசியையும் தாக்கியது. பிரிட்டனிலிருந்து புறப்பட்ட எஃப்-111 விமானங்களுக்குப் பிரான்ஸும் ஸ்பெயினும் வான்வழி மறுத்தன. அவை ஐபீரியத் தீபகற்பத்தைச் சுற்றி, நடுவானில் பலமுறை எரிபொருள் நிரப்பி, ஜிப்ரால்டர் நீரிணை வழியே மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. இலக்குத் தவறிய குண்டுகள் குடியிருப்புப் பகுதியில் விழுந்தன. அங்கிருந்த பிரெஞ்சுத் தூதரகமும் சேதமுற்றது. லிபியத் தலைவர் கடாஃபியின் வளர்ப்பு மகள் இறந்ததாக லிபியா அறிவித்தது. அவர் உயிருடன் இருந்தார் என்ற செய்திகள் பின்னர் வந்தன.

தாக்குதலை ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவின்படி தற்காப்பு என்றது அமெரிக்கா. ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்காமல், அவ்வாண்டு நவம்பரில் 79க்கு 28 என்ற வாக்குகளில் கண்டித்தது. பெர்லின் நீதிமன்றத் தீர்ப்பு 2001 நவம்பரில்தான் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறையான ஸ்டாசியின் கோப்புகள் வழக்குக்குப் பெரிதும் உதவின. லிபிய உளவுத் துறையின் பங்கை உறுதிசெய்த நீதிமன்றம், கடாஃபியே ஆணையிட்டார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. குண்டு வீசப் பத்து நாள், சான்றை எடைபோடப் பதினைந்து ஆண்டுகள் என்ற இந்த இடைவெளியே இவ்வரலாற்றில் அதிகக் கவனத்துக்குரியது. 270 பேர் பலியான 1988 லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் அமெரிக்காவும் பிரிட்டனும் லிபியாமீது பொருளாதாரத் தடை, வழக்கு என்ற வழியை மேற்கொண்டன.

வட கொரியா 1988இலும் சூடான் 1993இலும் சேர்க்கப்பட்டன. 1990இல் குவைத் படையெடுப்பையடுத்து ஈராக் மீண்டும் இடம்பெற்றது.

2001 செப்டம்பர் 11 தாக்குதல்களை அடுத்துப் போருக்குள்ளான ஆப்கானிஸ்தான் பட்டியலில் இல்லை. அங்கு ஆட்சியிலிருந்த தாலிபானை அமெரிக்கா அரசாக ஏற்கவில்லை என்பது காரணமாகக் கூறப்படுகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் படை நடவடிக்கைக்கு ஒப்புதல் தந்த தீர்மானத்தை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவரே. 2003 ஈராக் போருக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அல்-காயிதா தொடர்பும் ஒன்று. செயல்பாட்டுக் கூட்டுறவுக்குச் சான்றில்லை என 9/11 ஆணையம் 2004இல் கூறியது.

லிபியா 2006இலும் சூடான் 2020இலும் நீக்கப்பட்டன. 2008இல் நீக்கப்பட்ட வட கொரியா 2017இல் மீண்டும் சேர்ந்தது. 2020 ஜனவரியில் பாக்தாதில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்டபோது, ஈராக்குக்கென 2002இல் இயற்றப்பட்ட படை ஒப்புதலையும் அமெரிக்க அரசு சட்டக் காரணமாகக் காட்டியது. 2015இல் நீங்கி 2021இல் திரும்பிய கியூபாவை விடுவிப்பதாக 2025 ஜனவரியில் பைடன் அறிவித்தார். சில நாட்களில் டிரம்ப் அதை ரத்து செய்தார்.