கையில் இருக்கும் சீட்டு எதுவரை செல்லும்?



போன சங்கக் கூட்டத்தில் எழுந்த ஒரு குறையிலிருந்து தொடங்குகிறேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் ஏழு மணிக்கு வர வேண்டியது, ஏழே முக்காலுக்கு வருகிறார்கள் என்று நம்மில் சிலர் சொன்னோம். "சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறதே, ஏறி வரவேண்டியதுதானே?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவிடம் அதையே கேட்டேன். "பஸ்ஸு நிறைய வருதுங்க சார். நம்ம பஸ்ஸுதான் வர மாட்டேங்குது" என்றார்.

அவர் சொன்ன "நம்ம பஸ்", கட்டணமில்லாத அரசு டவுன் பஸ். ஒரு சீட்டு எந்த வண்டியில் செல்லும், எதில் செல்லாது என்பது அவருடைய காலை நேரத்தையே தீர்மானிக்கிறது. நம் ஊரில் இந்தக் கேள்விக்கு நூற்று அறுபது ஆண்டு வரலாறு உண்டு. இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

ரயிலில் தொடங்கிய கணக்கு

திருச்சிக்கு ரயில் வந்தது 1862இல். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு ஆங்கிலேயக் கம்பெனி, தஞ்சாவூர் வழியாகப் பாதையை இங்கே கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது கரூர் வழியாக ஈரோடு வரை நீண்டது. 1874இல் அந்தக் கம்பெனி வேறொன்றோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. பிற்பாடு அதன் தலைமையிடமும் திருச்சிக்கே வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று மூன்று ரயில்வேக்களை இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானது.

கம்பெனிகள் தனித்தனியாக இருந்தபோது, ஒருவருடைய சீட்டு இன்னொருவருடைய வண்டியில் தானாகச் செல்லாது. வசூலை இருவரும் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால்தான் செல்லும். இங்கிலாந்தில் இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே 1842இல் ஒரு தனி அலுவலகம் திறந்தார்கள். "சீட்டு எங்கே செல்லும்?" என்ற கேள்விக்கு அடியில் "பணம் யாருக்குப் போகும்?" என்ற கேள்வி அப்போதே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸுக்கும் இதுதான் பொருந்தும்.

இன்று ரயில்வே ஒன்றுதான். ஆனாலும் சீட்டுக்கு எல்லைகள் உண்டு. முதல் எல்லை, வழி. சென்னைக்கு நம் ஊரிலிருந்து இரண்டு பாதைகள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் பழைய மெயின் லைன் சுமார் 400 கிலோமீட்டர். அரியலூர், விருத்தாசலம் வழியாகச் செல்லும் கார்டு லைன் சுமார் 337 கிலோமீட்டர். 1920களின் பிற்பகுதியில் வந்த இந்தக் குறுக்குப் பாதையில்தான் நம் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டு பாதைகளும் விழுப்புரத்தில் சேர்ந்துவிடும் என்பதால் சீட்டும் ஒன்றே என்று நினைக்கக் கூடாது. சீட்டில் எந்த வழி அச்சாகியிருக்கிறதோ அந்த வழிக்கே அது செல்லும்.

ஸ்டேஷன் பெயரிலும் கவனம் தேவை. திருச்சி கோட்டை ஸ்டேஷன் கரூர், ஈரோடு பாதையில் இருக்கிறது. திருச்சி டவுன் ஸ்டேஷன் ஸ்ரீரங்கம், விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. ஊருக்குப் புதியவர்கள் கோட்டைக்குப் போய் ஸ்ரீரங்கம் வண்டிக்குக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது எல்லை, நேரம். 2016 மார்ச் முதல், 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லாச் சீட்டை வாங்கினால் மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் வண்டியில், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் கிளம்பியாக வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை எல்லாம் இந்த வரம்புக்குள் வரும். காலையில் வாங்கிய சீட்டை மாலையில் காட்டினால் செல்லாது. பிளாட்பாரம் டிக்கெட்டுக்கு இரண்டு மணி நேரம்.

மூன்றாவது எல்லை, வண்டியின் வகை. சாதாரணக் கட்டணச் சீட்டோடு எக்ஸ்பிரஸில் ஏற முடியாது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் முன்பதிவுப் பெட்டியில் உட்கார முடியாது. சரியான சீட்டு இல்லாமல் பிடிபட்டால், கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

சோழனும் தீரன் சின்னமலையும்

பஸ்ஸின் கதை வேறு. இங்கே வண்டிகள் தொடக்கத்திலிருந்தே தனியார் கையில் இருந்தன. இன்ன வழித்தடம், இத்தனை நடை என்று ஒவ்வொரு வண்டிக்கும் அரசு பெர்மிட் கொடுக்கும். சீட்டு அந்த வண்டியோடு முடிந்தது.

1967க்குப் பிறகு தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. நம் பகுதி கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழனிடம் இருந்தது. 1980களில் திருச்சிக்கென்று தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயர் எழுதிய பஸ்கள் இன்னும் நினைவிருக்கும். 1997இல், புதிய கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அதன் பிறகு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் வந்தது. இன்று நம் டவுன் பஸ்கள் அதன் கும்பகோணம் கோட்டத்தைச் சேர்ந்தவை.

பெயர் ஒன்றானாலும் எல்லாப் பஸ்ஸும் அரசுக்கு வரவில்லை. சென்னை மாநகரில் டவுன் பஸ் என்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம்தான். திருச்சியில் அரசு பஸ்ஸும் தனியார் டவுன் பஸ்ஸும் ஒரே நிறுத்தத்தில், ஒரே ஊரைக் கூவி, முன்னும் பின்னுமாக நிற்கின்றன.

பெங்களூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் நம் பிள்ளைகள் "இங்கே டே பாஸ் கிடையாதா?" என்று கேட்பதன் பதில் இதில் இருக்கிறது. லண்டனில் 1933லேயே பஸ்ஸையும் சுரங்க ரயிலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால்தான் 1983இல் ஊரை வட்டங்களாகப் பிரித்து, இரண்டிலும் செல்லும் ஒரே பாஸை அவர்களால் கொடுக்க முடிந்தது. சென்னையிலும் முன்பு 50 ரூபாய் நாள் சீட்டு இருந்தது. 1000 ரூபாய் மாதப் பாஸில் ஏசி அல்லாத பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அது அந்தக் கழகத்துக்கு மட்டும். சென்னையில் மூத்த குடிமக்களுக்குக் கொடுக்கும் மாதம் பத்து டோக்கனும் அப்படித்தான். அங்கிருந்து இங்கே குடிவந்த பெரியவர்கள் அதைப் பையில் வைத்துப் பயனில்லை.

2021க்குப் பிறகு

2021 மே 8 முதல், அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்றாயிற்று. அடுத்த மாதமே திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளருக்கும் அது விரிந்தது. பிறகு விடியல் பயணம் என்று பெயர் பெற்றது. 2024 பட்ஜெட்டில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் அறிவித்தார்கள்.

இதன் எல்லை என்ன? அரசு பஸ்ஸாக இருக்க வேண்டும், டவுன் பஸ்ஸாக இருக்க வேண்டும், சாதாரணக் கட்டணமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காசு கொடுத்தாக வேண்டும். தனியார் பஸ்ஸில் செல்லாததற்குக் காரணம் பழைய அதே கணக்குதான். இலவசப் பயணத்தின் தொகையை அரசு தன் கழகத்துக்குத்தான் ஈடுகட்டுகிறது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் கண்டக்டர் ஒரு சீட்டுக் கொடுப்பார். பணம் இல்லையே என்று வாங்காமல் இருக்கக் கூடாது. பஸ் மாறினால் அங்கே இன்னொரு சீட்டு வாங்க வேண்டும்.

இப்போது அந்த அம்மாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நடைக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு பஸ் மாறி வந்து இரண்டு பஸ் மாறிப் போனால் நாளைக்கு 40 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 1,040 ரூபாய். நம் வீடுகளில் ஒரு வேலைக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இது எத்தனை பங்கு என்று உங்களுக்கே தெரியும். கண்ணெதிரே மூன்று தனியார் பஸ்களை விட்டுவிட்டு நாலாவதாக வரும் அரசு பஸ்ஸுக்கு அவர் நிற்பதைச் சோம்பல் என்று நான் நினைத்தது தவறு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஏழு மணி என்று நாமாக நேரம் குறிக்காமல், காலையில் நம் நிறுத்தத்துக்கு அரசு டவுன் பஸ் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்து, அதற்கேற்ப நேரம் வைப்போம். அந்த நேரங்களை கேட் அருகே உள்ள பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவோம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது உதவும். கூடுதல் நடை வேண்டும் என்று கேட்டுக் கழகத்துக்கு ஒரு மனுவும் எழுதலாம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.