ரயில் முன்பதிவு வலைச் செயலியின் வரலாறு

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் வசிக்கும் ஒருவர் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும். தெற்கே செல்லும் விரைவு ரயில்களில் பெரும்பாலானவை புதுச்சேரிக்கு வருவதில்லை; விழுப்புரம் சென்றுதான் ஏற வேண்டும். அவர் வீட்டில் இருந்தபடியே கைபேசியில் ஒரு பெர்த் கேட்கிறார். அதே நொடியில் விழுப்புரம் நிலைய கவுன்ட்டரில் நிற்பவரும் அதே ரயிலில் இடம் கேட்கிறார். மீதம் இருப்பது ஒரே பெர்த். அது இருவரில் ஒருவருக்குக் கிடைக்க வேண்டும். இருவருக்கும் விற்றுவிடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் அன்றாடக் கணக்கு வழக்கைப் பல இடங்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்படி அமைக்கும் மென்பொருள் நிறுவன வலைச் செயலி எனப்படும். அதன் அடிப்படைச் சிக்கல் இந்த ஒரு பெர்த்தில் அடங்கியிருக்கிறது.

பேரேட்டிலிருந்து கணினிக்கு

கணினிக்கு முன், ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் இருந்தது. எழுத்தர் பெயரை எழுதினால் இடம் உறுதி. ஒரு பேரேடு ஒரு மேசையில்தான் இருக்க முடியும் என்பதால் ஒரே இடம் இருவருக்குப் போவது அரிது. ஆனால் அந்த ரயிலுக்கு உரிய வரிசையில்தான் எல்லோரும் நிற்க வேண்டும். திரும்பும் பயணத்துக்கு இடம் வேண்டுமானால் அந்த ஊருக்குத் தந்தி போகும். பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

1985இல் சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய இம்ப்ரெஸ் என்ற மென்பொருள் புது தில்லியில் செயல்படத் தொடங்கியது. பின்னர் மற்றப் பெருநகரங்களிலும் கணினி முன்பதிவு வந்தது. எந்த கவுன்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்பது அந்நாளில் பெரிய விடுதலை. ஆயினும் ஒவ்வொரு மையமும் தனித் தீவாகவே இருந்தது.

தீவுகளை இணைத்தது, 1986இல் அமைக்கப்பட்ட ரயில்வே தகவல் அமைப்புகள் மையம், அதாவது கிரிஸ். அதன் கான்செர்ட் மென்பொருள் 1994இல் செகந்திராபாத்தில் முதலில் நிறுவப்பட்டது. 1999 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாயின. ஒவ்வொரு ரயிலின் கணக்கும் ஒரே மையத்தில் இருக்கும். கேள்வி எந்த ஊரிலிருந்து வந்தாலும் அந்த மையத்துக்கே போய்ச் சேரும். பயணச்சீட்டில் உள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணில் இதன் தடயத்தை இன்றும் காணலாம். முதல் இலக்கம் 4 அல்லது 5 என்றால் அது சென்னை மையத்தைச் சேர்ந்தது.

இணையம் என்னும் புதிய கவுன்ட்டர்

2002 ஆகஸ்ட் 3 அன்று ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. முன்பதிவு முறை அன்று பிறந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நடந்தது, பதினேழு ஆண்டுகளாக வளர்ந்து வந்த கணக்குக்கு முன்னால் புதிதாக ஒரு கவுன்ட்டர் திறக்கப்பட்டதே. பயனர் காணும் திரை ஓர் அடுக்கு; கட்டணம், காத்திருப்போர் பட்டியல், ஆர்.ஏ.சி. போன்ற விதிகளைச் செயல்படுத்தும் நிரல் நடு அடுக்கு. பெர்த் கணக்கைக் காக்கும் தரவு அடியடுக்கு. வலைத்தளம் சேர்த்தது மேலடுக்கைத்தான்.

தொடக்கத்தில் பணம் இணையத்தில் செலுத்தினாலும் சீட்டு கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. 2005இல் மின்பயணச்சீட்டு வந்த பிறகே அச்சிட்ட தாளும் அடையாள அட்டையும் போதுமானவையாயின. இதற்கு நிரலை மாற்றினால் மட்டும் போதாது, பரிசோதகர் பின்பற்றும் விதியும் மாற வேண்டியிருந்தது.

பணம் கொடுப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. பெர்த் ஒரு கணினியில், வங்கிக் கணக்கு வேறொரு கணினியில். நடுவில் இணைப்பு அறுந்தால் பணம் பிடிக்கப்பட்டு, சீட்டு வராமல் போகும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். இல்லையேல் நடந்த பாதியைத் திருப்ப வேண்டும். இப்படிப் பிரிக்க முடியாத செயலைப் பரிவர்த்தனை என்பர். பணம் திரும்பி வரும் நாள்வரை பயணி படும் பாடு பாடநூலில் இராது.

பத்து மணிக் கூட்டம்

செயலியை எழுதுவது ஒன்று, அதைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு நிறுவி நடத்துவது வேறு. 1997இல் அறிமுகமான தட்கல் முறைக்கு இணையம் வந்ததும், நிலையத்தில் நின்ற கூட்டம் வழங்கிக் கணினியின் வாசலுக்கு இடம் பெயர்ந்தது. காலை 10 மணிக்குத் தளம் திணறுவது வழக்கமாயிற்று. 2014 ஏப்ரலில் கிரிஸ் உருவாக்கிய புதிய மின்பயணச்சீட்டு அமைப்பு வந்தது. நிமிடத்துக்கு 2,000 சீட்டுகளாக இருந்த திறன் 7,200 ஆயிற்று. அதுவும் போதவில்லை. 2015 ஜூன் 15 முதல் குளிர்வசதிப் பெட்டிகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று நேரம் பிரிக்கப்பட்டது. கணினியின் சுமையைக் கடிகாரத்தால் குறைத்த இந்த எளிய வழி, விலையுயர்ந்த பல தீர்வுகளைவிடச் சிறந்தது.

வேகத்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது. தானியங்கி மென்பொருளால் நொடிகளில் படிவம் நிரப்பும் முகவருக்கும், தட்டுத் தடுமாறி எழுத்துகளைத் தேடும் முதியவருக்கும் தளம் ஒரே நொடியில்தான் திறக்கிறது. 2025 ஜூலை 1 முதல் இணையத் தட்கல் சீட்டுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது இதனால்தான். கைபேசி பழகாதவருக்கு இன்னும் நிலைய கவுன்ட்டரே துணை.

மாணவர் செய்து பார்க்க

இதன் சிறு வடிவத்தை மாணவர் ஒரே கணினியில் உருவாக்கலாம். பள்ளிச் சுற்றுலாப் பேருந்தின் 40 இருக்கைகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக அமைக்க வேண்டும். ஜாவா சர்வ்லெட் ஒன்றை எழுதி, வார் கோப்பாகக் கட்டி, டாம்கேட் வழங்கியின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் வைத்தால் செயலி ஓடத் தொடங்கும். இருக்கை காலியா என்று பார்ப்பதும் பெயரைப் பதிவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் இருக்க வேண்டும். பார்க்கும்போதே அந்த வரிசையைப் பூட்டிவிடவும் வேண்டும். பூட்டாவிட்டால் இருவருக்கும் அது காலியாகவே தெரியும். பின்னர் 39 இருக்கைகளை நிரப்பிவிட்டு, இரண்டு உலாவிகளிலிருந்து இருவர் ஒரே நேரத்தில் நாற்பதாவது இருக்கைக்குப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.